லால்பாகில் முப்பத்தாறு படங்கள்



சென்ற மாதம் ஆசிரியர் வழியாக எனக்கொரு கடிதம் வந்து சேர்ந்தது. எழுதியவர் ஒரு சகோதரி. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். “என் தம்பி தங்கள் மதரஸாவில் ஓதுகிறான். வெள்ளிக்கிழமை தோறும் காலையில் தாங்கள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பெங்களூர்ப் பூங்காக்களில் சுற்றுவதாகச் சொன்னான். என் மாமியாரோ, பேரப்பிள்ளையைப் படம் எடுக்கக்கூட விடுவதில்லை. மார்க்கம் போதிக்கும் ஹஜ்ரத் ஒருவர் இப்படிச் செய்யலாமா?” என்பது அவர் கேள்வி. அதில் குற்றம் காணும் நோக்கம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலே தெரிகிறது. ஆகவே இம்மாதம் இந்தப் பகுதியை அந்தச் சகோதரிக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் உடனிருந்து கேட்கலாம்.

முதலில் மார்க்கத்தின் பக்கம். நான் ஃபத்வா வழங்கும் முஃப்தி அல்லன். பிள்ளைகளுக்கு நஹ்வும் ஸர்ஃபும் சொல்லிக் கொடுப்பவன். உருவம் வரைவது குறித்து வந்துள்ள கடுமையான எச்சரிக்கைகளை நாம் அனைவரும் அறிவோம். உருவம் வரைந்தே பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைச் சொன்னபோது, அன்னார் அந்த எச்சரிக்கையை எடுத்துக் கூறிவிட்டு, அத்தொழிலை விட முடியாதென்றால் மரங்களையும் உயிரில்லாதவற்றையும் வரைந்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள் என்ற செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. கேமரா என்ற கருவி வந்தபின், அதில் எடுக்கும் படம் வரைவதில் சேருமா, சேராதா என்ற விவாதம் எழுந்தது. எகிப்தின் முஃப்தியாக இருந்தவரும் 1935இல் மறைந்தவருமான முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போன்ற ஒரு நிழலைப் பிடித்து நிறுத்துவதுதான் புகைப்படம், புதிதாக ஓர் உருவத்தை ஆக்குவதன்று என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதை ஏற்காத ஆலிம்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்கே பாஸ்போர்ட்டில் படம் வேண்டியிருக்கும் காலத்தில் விவாதத்தின் சூடு தணிந்திருக்கிறதே தவிர, விவாதம் முடிந்துவிடவில்லை. எனவே சகோதரியின் மாமியார் பற்றி நிற்கும் கருத்துக்கும் ஆதாரம் உண்டு. மருமகள் அதை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம்.

என்னைக் கேட்டால், நான் பேணுதலாக மரங்களோடு நின்றுகொண்டேன். பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடின. எனக்குத் தடுமாற்றம் வந்தது நான் எதிர்பார்த்த இடத்தில் அன்று, வேறோர் இடத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேமராப் பழக்கம் எனக்குத் திண்டுக்கல்லில், சிறு வயதிலேயே தொற்றிக்கொண்டது. 1990களில் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த என் மாமா ஒரு யாஷிகா கேமரா கொண்டு வந்தார். பிலிம் சுருள் ஒன்றுக்கு 36 படங்கள். சுருளுக்கும் காசு, கழுவுவதற்கும் காசு, அச்சிடுவதற்கும் காசு. ஆகவே பொத்தானை அழுத்தும் பாக்கியம் எனக்கு எளிதில் கிட்டாது. அப்படியே கிட்டினாலும் பின்னால் நின்றுகொண்டு, “எண்ணி எடுடா” என்பார் மாமா. எத்தனை படம் மீதியிருக்கிறது என்று எண்ணச் சொல்கிறார் என்றே அப்போது நினைத்தேன். எண்ணுதல் என்ற சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என்று இரு பொருள் உண்டென்பது, பின்னாளில் கல்லூரியில் தமிழ் படித்தபோதுதான் உறைத்தது.

இப்போது என்னிடம் இருப்பது, துபாயில் இருக்கும் என் தம்பி புதிது வாங்கியபின் எனக்குத் தந்த பழைய டிஜிட்டல் கேமரா. அதிலுள்ள நகமளவு அட்டையில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமைக்கு 36 படங்கள் என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். இதில் பெருமை ஒன்றுமில்லை. வரம்பில்லாமல் எடுத்த நாட்களில், வீட்டுக்கு வந்து பார்த்தால் நானூறு படங்கள் இருந்தன. நான் பார்த்த மரம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

எங்கள் மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் விடியும் நேரத்தில் லால்பாகில் இருப்பேன். ஜும்ஆவுக்குக் குளித்துத் தயாராக வேண்டும் என்பதால் பத்து மணிக்குள் திரும்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் வெள்ளிக்கிழமைக் காலை அங்கே அமைதியானது. வேக நடை நடப்பவர்களும், கூடி நின்று உரக்கச் சிரித்து மூச்சுப் பயிற்சி செய்யும் முதியவர்களும், பெருக்குமாறும் கையுமாகத் தோட்டத் தொழிலாளர்களுமே இருப்பார்கள்.

லால்பாகின் மீது எனக்கு ஊர்ப்பாசம் போன்ற ஒன்று உண்டு. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அத்தோட்டத்தை 1760இல் தொடங்கிய ஹைதர் அலி, அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1755இல், எங்கள் திண்டுக்கல்லில் ஃபவுஜ்தாராக இருந்தவர். எங்கள் ஊர் பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் அவர் கட்டியது. அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகம் அங்கே அடங்கியிருப்பதால்தான் அப்பகுதிக்குப் பேகம்பூர் என்று பெயர் வந்தது என்பர். சிறுவனாக அந்தப் பள்ளியின் முற்றத்தில் ஓடி விளையாடியவன், நாற்பது வயதில் அதே மனிதர் போட்ட தோட்டத்தில் நடக்கும்போது, தெரிந்தவர் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்ததைப் போன்றதொரு உரிமை தோன்றிவிடுகிறது.

சீராவில் இருந்த முகலாயத் தோட்டத்தைப் பார்த்து ஹைதர் அலி அமைத்தது முதலில் 40 ஏக்கர் அளவில்தான் இருந்தது. திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்து அதை வளர்த்தார். ஒரு பக்கம் போர், மறுபக்கம் பதியன் என்று வாழ்ந்த மனிதர்! 1856இல் அது அரசுத் தாவரவியல் தோட்டமானது. இன்று அதன் பரப்பு 240 ஏக்கர். பலரும் முதலில் தேடி ஓடும் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள். குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் நான் அப்பக்கமே போவதில்லை. பூக்களை யானையாகவும் கோட்டையாகவும் கட்டி நிறுத்துவது எனக்கு ஏனோ ஒட்டுவதில்லை. பார்த்து மகிழ்பவர்கள் மகிழட்டும்.

நான் தேடிப் போவது வேறு. தோட்டத்துக்குள்ளே ஒரு பெரும் பாறைக் குன்று இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்று நிலவியலார் கணித்திருக்கிறார்கள். அதன் உச்சியில் கெம்பே கௌடர் காலத்துக் காவல் கோபுரம் ஒன்று சிறிதாக நிற்கிறது. குளிர்காலக் காலையில் அந்தப் பாறையில் ஏறி நின்றால், பனிமூட்டத்தில் மரங்களின் தலைகள் மட்டும் மிதக்கும். நம் விழுப்புரத்தை அடுத்த திருவக்கரையிலிருந்து கொண்டு வந்த கல்மரம் ஒன்றும் அத்தோட்டத்தில் கிடக்கிறது. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரம் அது. உயிருள்ளதைப் படமெடுக்கக் கூடாது என்று மிகக் கடுமையாகப் பேணுவோரும் அதை ஆட்சேபிக்க முடியாது!

படம் எடுக்கப் பழகுவோருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பூங்காவில் நண்பகலில் எடுக்கும் படம் பெரும்பாலும் சப்பென்றிருக்கும். சூரியன் உச்சியில் நிற்பதால் இலைகளின் மேல் வெள்ளையடித்ததைப் போன்ற பளபளப்பும், அவற்றின் அடியில் கறுத்த நிழலுமே கேமராவில் பதிகின்றன. காலையில் ஒளி சாய்வாக, நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே பெருமளவு சிதறிப்போக, மஞ்சளும் செம்மையும் மிஞ்சிய மென்மையான ஒளி நம்மிடம் வருகிறது. அப்போது இலையின் பின்பக்கம் சூரியன் இருக்குமாறு நின்று பார்த்தால், அது விளக்கு ஏற்றியதைப் போல் உள்ளிருந்து ஒளிரும். நரம்பு நரம்பாக எண்ணலாம். மதரஸா முற்றத்திலுள்ள புங்க மரத்து இலையை நான் எத்தனையோ முறை மிதித்திருக்கிறேன். அதன் நரம்புகளைக் கேமரா வழியாகத்தான் முதன்முதலில் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பேணுதலை முதலில் குலைத்தது லால்பாக் ஏரியில் நின்ற ஒரு வெண்கொக்கு. கறுத்த நீரில் தனியாக நின்றது. மனம் கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். படத்தில் கொக்கு இல்லை. ஒரு வெள்ளைத் திட்டுத்தான் இருந்தது. கேமரா தனக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் சராசரியாக்கிப் பார்க்கும் கருவி. பெரும்பகுதி கறுப்பு நீராக இருக்கவே, வெளிச்சம் போதவில்லை என்று அதுவாக முடிவு செய்து, ஒளியை அதிகமாக உள்ளே விட்டிருக்கிறது. இறகுகள் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோயின. ஒளியைக் குறைத்து வைத்து எடுத்தால் இறகு இறகாக வரும் என்று பின்னர் ஒரு நண்பர் சொல்லிக் கொடுத்தார்.

ஒளியைப் பற்றிப் பேசும்போது இப்னுல் ஹைஸம் அவர்களைச் சொல்லாமல் போக முடியாது. 965 வாக்கில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ‘கிதாபுல் மனாழிர்’ என்ற பெருநூலை எழுதியவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று பழைய கிரேக்க அறிஞர்கள் பலர் நம்பியிருந்தனர். பொருளிலிருந்து ஒளி கண்ணை வந்தடைவதால்தான் பார்க்கிறோம் என்று சோதனைகளைக் கொண்டு நிறுவியவர் இவர். இருண்ட அறையின் சுவரில் சிறு துளையிட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும்; அந்த அமைப்பையும் அதில் கிரகணச் சூரியன் பிறையாக விழுவதையும் ஆராய்ந்து எழுதியவரும் இவரே. இன்றைய கேமரா அந்த இருட்டறையின் பேரப்பிள்ளை.

நீங்கள் இதைச் சோதிக்க இருட்டறை கட்ட வேண்டியதில்லை. அடர்ந்த மரத்தின் கீழே போய் நின்று தரையைப் பாருங்கள். வெயில் காசு காசாக விழுந்து கிடக்கும். இலைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் எல்லாம் கோணல்மாணலாக இருக்க, தரையில் விழும் ஒளி மட்டும் ஏன் வட்டமாக இருக்கிறது? அவை ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம் என்பதால்தான். ஒவ்வொரு சந்தும் ஒரு துளையாகி, சூரியனைத் தரையில் படமெடுத்துக்கொண்டிருக்கிறது.

26.12.2019 வியாழக்கிழமை இதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் வாய்ப்பைப் படைத்தவன் தந்தான். அன்று எங்கள் திண்டுக்கல்லில் சூரியன் முழு வளையமாகத் தெரிந்தது. பெங்களூரில் பெரும்பகுதி மறைந்தது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது கிரகணம் இன்னும் விடவில்லை. மதரஸா முற்றத்துப் புங்க மரத்தின் அடியில், தரை முழுவதும் பிறைகள்! நூற்றுக்கணக்கான பிறைகள், காற்றில் கிளை அசையும்போதெல்லாம் சேர்ந்து அசைந்தன. பிள்ளைகள் முதலில் மிதிக்க அஞ்சி ஓரமாக ஒதுங்கினார்கள். பிறகு ஒருவன் தன் வெள்ளை ஜுப்பாவின் மேல் அவற்றை ஏந்திக்கொண்டு நின்றான். அன்று நஹ்வுப் பாடம் நடக்கவில்லை. அந்தப் பிறைகளை நான் எடுத்த படம் மதரஸா நூலகத்தில் இன்றும் தொங்குகிறது.

கப்பன் பூங்காவுக்கும் எப்போதாவது போவதுண்டு. 1870இல் ரிச்சர்டு சாங்கி என்ற பொறியாளர் திட்டமிட்டு அமைத்தது. அங்கே மூங்கில் புதர்களும், செந்நிற உயர்நீதிமன்றக் கட்டடமும் படத்துக்கு அழகானவைதாம். ஆனால் தம்மைத் தாமே எடுத்துக்கொள்வோரின் நெரிசல் அதிகம். ஒரு மரத்தடிக்கு மூன்று பேர் முறை போட்டுக் காத்திருக்கிறார்கள். பெங்களூரின் சாலையோரங்களுக்கும் பூங்காக்களுக்கும் ஆண்டு முழுவதும் பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து வைத்த பெருமை, 1908இல் மைசூர் அரசின் பணிக்கு வந்த குரும்பிகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலைஞரைச் சாரும். குளிர்காலத்தில் தபேபுயா இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும். அது ஓய்ந்ததும் அதன் இனத்தில் மஞ்சள். கோடை தொடங்கும்போது ஜக்கரண்டாவின் ஊதா. கடைசியில், வெயில் உச்சத்தில், செம்மயிற்கொன்றை. இவற்றில் எதுவுமே இந்த மண்ணில் பிறந்ததன்று. கடல் கடந்து வந்து குடியேறியவை. ஊரார் இப்போது இவை இல்லாத பெங்களூரை நினைத்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

இனி, நான் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன்.

2022 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. லால்பாகில் மிக முதிய இலவம்பஞ்சு மரம் ஒன்று இருக்கிறது. அதன் வேர்கள் தரைக்கு மேலே ஆளுயரச் சுவர்களைப் போல் எழுந்து, இடையிடையே அறைகள் போன்ற மறைவுகளை உண்டாக்கியிருக்கும். அந்த வேர்களின் மேல் காலை வெயில் சாய்ந்து விழுந்த நேரம். கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது, இரு வேர்களுக்கு நடுவே ஒரு பெண் அமர்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கண்களை மூடி, முடி கொட்டிப்போன தலையைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி அவர் கணவர், பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவ்வட்டாரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். இவர்கள் பேச்சும் அந்தப் பக்கத்துத் தமிழாகத்தான் காதில் விழுந்தது.

நான் பொத்தானை அழுத்தினேன். ஒருமுறை அன்று, நான்கு முறை. என் கணக்கில் 36இல் நான்கு.

அந்த நேரத்தில் என் மனத்தில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அப்பெண்மணியின் நோய் என் நினைவில் வரவில்லை. துண்டு அவிழ்ந்த தலையை அந்நிய ஆண் பார்க்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் பாடமும் வரவில்லை. வேர்களின் சாம்பல் நிறமும், அவர் சேலையின் சிவப்பும், சாய்ந்த வெயிலும் பொருந்தி வந்த பொருத்தம் மட்டுமே கண்ணில் நின்றது. பக்கத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழர்கள்தாம், மொழித் தடைகூட இல்லை. கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தால்தான் கேட்கவில்லை. அப்படியானால் பதில் எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்?

ஜும்ஆ முடிந்து வந்து, நான்கில் ஒன்றைக் கைப்பேசிக்கு மாற்றி, எங்கள் குடும்பத்தார் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இருபத்தைந்து ஆண்டுக் காலத்தில் நான் எடுத்தவற்றில் சிறந்த படம் அதுவே. ‘மாஷா அல்லாஹ்’கள் வந்து குவிந்தன. துபாய்த் தம்பி தன் நண்பர்களுக்கும் அனுப்பியதாகச் சொன்னான். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

அவ்வாண்டு ரமளான் ஏப்ரலில் வந்தது. பாதி நோன்பு கடந்திருக்கும். திண்டுக்கல்லிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணே, ஒரு பாவப்பட்ட பொம்பளைக்கு வைத்தியத்துக்குப் பணம் கேட்டு வாட்ஸ்அப்புல வந்திருக்கு. புருசனும் இல்லையாம், மூணு பொட்டப் பிள்ளைங்களாம். என் ஜகாத்துல ஐயாயிரம் அனுப்பலாம்னு இருக்கேன். மாற்று மதத்தவங்க மாதிரி தெரியுது, ஜகாத்தாக் குடுக்கலாமா, இல்லே சதகாவாத்தான் குடுக்கணுமா? நீங்க சொல்லுங்க” என்றாள். அனுப்பி வை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வந்தது நான் எடுத்த படம். ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தன. மரம் போய்விட்டது, வெயில் போய்விட்டது, தேநீர் ஊற்றிய கணவரும் போய்விட்டார். மூடிய கண்களும் மொட்டைத் தலையும் மட்டுமே நிறைந்திருந்தன. கீழே ஒரு பொய்ப் பெயர், ஒரு பொய்க் கதை, பணம் அனுப்ப ஓர் எண். தங்கைக்கு அது யாருடைய படம் என்று அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மாறிப்போயிருந்தது.

“ஒரு பைசாவும் அனுப்பாதே” என்று சொல்லிவிட்டுக் காரணத்தையும் சொன்னேன். மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு, “நம்ம குழுவிலேருந்தா அண்ணே வெளியே போச்சு?” என்று கேட்டாள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று கண்டுபிடிக்க வழியில்லை. இணையவழிப் பண மோசடிகளைத் தெரிவிப்பதற்கென்று 1930 என்ற எண் நாடு முழுவதற்கும் இருக்கிறது. அதில் அழைத்துப் புகார் பதிவு செய்தேன். சில நாட்களில் அந்தப் பணம் அனுப்பும் எண் செயலிழந்தது. ஆனால் படம் செயலிழக்கவில்லை. பெருநாளைக்குப் பிறகும் வேறொரு கதையோடு, வேறோர் எண்ணோடு அது ஒருமுறை என்னிடமே வந்தது. என் கேமராவிலும் கைப்பேசியிலும் இருந்த நான்கையும் அழித்தேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

எனக்குத் தூக்கம் கெட்டது பணத்தை நினைத்து அன்று. தருமபுரிப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர். அங்கே யாரோ ஒரு பக்கத்து வீட்டார் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். உயிரோடிருக்கும் கணவரை இல்லையென்று சொல்லிப் பணம் திரட்டுகிறாள் என்று பேசியிருப்பார்கள். நோயையே ஊரில் சொல்லாமல் வந்திருந்தார்களோ என்னவோ. நான் பறித்தது வெறும் நிழல்தான் என்று அல்முதீஈ அவர்களின் வாதத்தைக் காட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியுமா? அவர்கள் பேசிய பிரச்சினை வேறு. என் பிரச்சினை வேறு. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழையும்படி சட்டம் வகுத்த மார்க்கத்தைக் கற்பிப்பவன், அவிழ்த்த துண்டோடு ஒரு பெண் அமர்ந்திருந்த இடத்துக்குள் அனுமதியின்றி நுழைந்திருக்கிறேன். அந்த வேர்களுக்கிடையே இருந்த மறைவு, அவருக்கு அந்த அரைமணி நேரம் வீடாக இருந்தது.

அதன்பின் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, அந்த மரத்தடிக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். பார்த்தால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பேன். அவர்கள் வரவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

சகோதரியே, தங்கள் மாமியார் பேரப்பிள்ளையின் படத்தை மறுப்பது எந்தக் காரணத்தால் என்று எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும், கைக்குழந்தை தன் படத்துக்கு அனுமதி தர இயலாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். எடுத்தால் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: கைப்பேசியில் எடுக்கும் படத்தோடு, எடுத்த நாள், நேரம் மட்டுமல்லாமல், எடுத்த இடமும் மறைவாகப் பதிந்துவிடக்கூடும். கேமரா அமைப்புகளில் போய் இடம் பதிவதை நிறுத்திவிடலாம். அதைத் தங்கள் தம்பியிடமே கேளுங்கள். நம்மைவிட அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சில மாதங்கள் கழித்து மீண்டும் கேமராவை எடுத்தேன். இலைகளும் பாறையும் ஏரியும் அப்படியேதான் இருந்தன. மனிதர்கள் வந்தால் இறக்கிவிடுவேன்.

சென்ற தபேபுயாப் பருவத்தில் ஒரு காலை, தோட்டத் தொழிலாளி ஒருவர் மரத்தடியில் கொட்டிக் கிடந்த இளஞ்சிவப்புப் பூக்களைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். நெடுநாள் பார்த்துப் பழகிய முகம்தான். சலாமுக்குப் பதிலாகக் கையை உயர்த்துவார். குனிந்த அவர் முதுகும், பெருக்குமாறு கிளப்பிய தூசியும், அதனூடே வந்த ஒளியும் ஒரு கணம் சேர்ந்து நின்றன. கேமரா கையில்தான் இருந்தது. கிட்டே போய், எனக்குத் தெரிந்த கன்னடத்தில், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“சற்று இருங்கள்” என்றார். பெருக்குமாற்றை மரத்தில் சாய்த்து வைத்தார். குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். பிறகு மரத்துக்கு முன்னால் வந்து, இரு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்து, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவரைப் போல் விறைப்பாக நின்றார். அதற்குள் தூசி அடங்கி, வெயிலும் மேலேறிவிட்டது. நான் பார்த்த படம் போய்விட்டது. அவர் விரும்பிய படத்தை எடுத்தேன்.

அடுத்த வாரம் அதை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். சட்டைப் பையில் வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். என் மனைவியும் இங்கே நாற்றங்காலில்தான் வேலை செய்கிறாள், எங்கள் திருமணத்தில் எடுத்த படம் மழையில் போய்விட்டது, இருவரும் சேர்ந்து நின்றால் எடுப்பீர்களா என்று கேட்டார். வரும் வெள்ளிக்கிழமை அவர் மனைவி நல்ல சேலை உடுத்தி வருவதாக ஏற்பாடு. முப்பத்தாறில் இரண்டை அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.